கேபின் கண்ணாடியில ஒரு சூரியன்

எங்க கிரேன் கேபின் கண்ணாடியில, வலது பக்கம் மேல் மூலையில, ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டியிருக்கு. விரல் நீளம்கூட வராது. கிட்டப் போய் உத்துப் பாத்தா உள்ள ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். போன வாரம் புதுசா கிரேன் ஓட்ட வந்த பாகிஸ்தான் பாய், கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டே வந்தவரு, அந்த டேப்பு ஓரத்துல நகத்தை வச்சுச் சுரண்ட ஆரம்பிச்சாரு. நான் கீழ நின்னுக்கிட்டிருந்தேன். கத்தத் தோணல. ரெண்டு கையையும் விரிச்சு ஸ்டாப் காட்டினேன். கொக்கியில லோடு எதுவும் இல்ல, எஞ்சின்கூட ஓடல. ஆனா கிரேன் ஓட்டுறவங்க உடம்பு அப்படி, ரிக்கர் கை விரிஞ்சா எல்லாம் நின்னுடும். பாய் விரல் அந்தரத்துல நின்னுச்சு. "க்யா ஹை பாய் யே?"ன்னாரு. "சூரஜ் ஹை பாய், மத் நிகாலோ"ன்னேன். சூரியன் பாய், எடுத்துடாதீங்கன்னு. காலங்காத்தால இவனுக்கு வெயில் ஏறிடுச்சுன்னு நெனச்சிருப்பாரு.

அதை ஒட்டினது எங்க கிரேன் அண்ணன். அறந்தாங்கிப் பக்கம். அம்பது டன் கிரேன், மூணு வருஷம் அவரு மேல, நான் கீழ. ரிக்கர்னா லோடைக் கட்டி, எங்க போகணும், எப்ப நிக்கணும்னு கைகாட்டுறவன். சுவத்துக்கு அந்தப் பக்கம் கம்பிக்கட்டு இறங்குதுன்னா, ஓட்டுறவருக்கு லோடும் தெரியாது, அதுக்குக் கீழ நிக்கிற ஆளும் தெரியாது. என் கை மட்டும்தான் தெரியும். நான் பெருவிரலை மேல காட்டினா தூக்குவாரு, கீழ காட்டினா இறக்குவாரு. நடுவுல 'ஏன்'னு ஒரு கேள்வி கிடையாது. நான் ஒன்பதாவதுல ரெண்டு தடவை ஃபெயிலானவன்; ஒரு மனுசன் என்னை முழுசா நம்பி ரெண்டு டன் எடையைத் தூக்கினது அந்த சைட்டுலதான் முதல் தடவை. வேலைக்குச் சேந்த புதுசுல, லோடு தொங்கிக்கிட்டிருக்கும்போது மேஸ்திரி நடக்குற மாதிரி இடுப்பை ஒடிச்சு நடந்து காட்டினேன். அண்ணன் எஞ்சினை நிறுத்திட்டு ஜன்னலைத் திறந்து சொன்னாரு: "நீ கோமாளியா இருந்துக்க, எனக்கும் பொழுது போகும். ஒன் கை கோமாளியா இருக்கக் கூடாதுடா." அதுக்கப்புறம் என் வாய் மட்டும்தான் சேட்டை பண்ணும்.

அவருக்கு ஒரே பொண்ணு. அப்ப ஏழாவது படிச்சுது. அது பொறந்ததுல இருந்து மொத்தம் அஞ்சு மாசம்தான் அவரு கூட இருந்திருக்காரு, ரெண்டு லீவுல. இங்க கல்ஃப்புல சாதாரணப் போன் ஆப்புல கூப்பிட்டா லைன் போகாது, அதனால எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். பத்து மணி டீ பிரேக்ல கேபின் படியில உக்காந்து போனைக் காதுல ஒட்ட வச்சுக்குவாரு. பொண்டாட்டி ரெண்டு நிமிஷம் பேசியிருக்கும். கடைசியில பொண்ணு குரல்: "நல்லா இருக்கேன். வச்சிடுறேன்." அவ்வளவுதான். "அண்ணே, வாய்ஸ் மெசேஜ்ல யாராவது வச்சிடுறேன்னு சொல்லுவாங்களா, புள்ள எந்தப் போனை வைக்குது?"ன்னு நான் ஓட்டுவேன். அவரு சிரிப்பாரு. சிரிச்சுட்டு அந்த மூணு வார்த்தையவே மறுபடி போட்டுக் கேப்பாரு.

ஒரு நாள் அது நீளமாப் பேசியிருந்துச்சு. "அப்பா, எங்க மிஸ் விண்மீன் திரள் பாடம் நடத்துறாங்க. கேலக்ஸி எவ்ளோ பெருசுன்னு ஆளுக்கு ஒண்ணு வேடிக்கையாச் சொல்லணுமாம். நீங்கதான் பெரிய பெரிய பில்டிங்கெல்லாம் கட்டுறீங்களே, உங்களுக்குத் தெரியும்ல? சொல்லுங்கப்பா." அண்ணன் அதை சைட்டுல இருந்த அத்தனை பேருக்கும் போட்டுக் காட்டினாரு. தமிழே தெரியாத நேபாளிக்குக்கூடப் போட்டுக் காட்டினாரு. எனக்குத் தெரிஞ்சு அந்தப் புள்ள அவருகிட்ட கேட்ட முதல் விஷயம் அது. பொம்மை, சைக்கிள், செண்ட் பாட்டில், எதுவும் அது கேட்டதில்ல. அவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. கீழ நின்ன என்னைப் பாத்து, "ஒனக்குத் தெரியுமாடா?"ன்னாரு.

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வார்த்தை வர்றதே இல்ல. "இது என்னண்ணே பெரிய விஷயம்?"னு ஆரம்பிச்சேன். "சூரியன்ங்கிறது நம்ம மெஸ்ல இருக்குற சோத்து அண்டா. பக்கத்து நட்சத்திரம், பக்கத்து பிளாக் மெஸ்ல இருக்குற சாம்பார் அண்டா. கேலக்ஸின்னா மொத்த லேபர் கேம்ப்பு. அதுக்கு நடுவுல ஒரு கருங்குழி இருக்கும், அது நம்ம கக்கூஸ். காலையில அஞ்சு மணிக்கு எல்லாரும் பக்கெட்டோட அதைச் சுத்திச் சுத்தித்தான் வர்றோம், உள்ள போனவன் வெளிய வர மாட்டேங்குறான்." சொல்லும்போது கைய வேற சுத்திச் சுத்திக் காட்டினேன். சுத்தி நின்னவங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அண்ணனும் சிரிச்சாரு. ஆனா அவரு சிரிச்சது வேடிக்கைக்கு மட்டும்தான், அளவை அவரு நம்பிட்டாரு. ரிக்கர் கைகாட்டிச் சொன்னதாச்சே. படியில உக்காந்து, தொண்டையைச் செருமி, ஒரு வார்த்தை விடாம மெசேஜ் போட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். 'அண்ணே, சும்மா சொன்னேன்'னு சொல்ல நேரம் இருந்துச்சு. சொல்லல.

மூணு நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. புள்ள அழுகல, அதான் கஷ்டம். ரொம்பத் தெளிவாப் பேசுச்சு. "அப்பா, நீங்க சொன்னது தப்பு. வேடிக்கையா இருந்தாலும் அளவு சரியா இருக்கணும்னு மிஸ் சொன்னாங்க. எங்கப்பா சொன்னாங்க, சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப என்னை கக்கூஸ்காரின்னு கூப்புடுறாங்க. இனிமே உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன்." இந்தத் தடவை அது வச்சிடுறேன்னு சொல்லல.

அண்ணன் என்னைத் திட்டல. திட்டியிருந்தா நான் ஏதாவது பதிலுக்குச் சொல்லி ஒப்பேத்தியிருப்பேன். அன்னைக்கு மத்தியானம் பைப்புக் கட்டு ஒண்ணு சுவத்துக்கு அந்தப் பக்கம் இறக்கணும். நான் கைகாட்டினேன். அவரு லோடைத் தரையில இருந்து ஒரு சாண் தூக்கி, மறுபடி வச்சு, எஞ்சினை நிறுத்திட்டு இறங்கி வந்தாரு. சுவத்தைச் சுத்திப் போய் இடத்தைப் பாத்தாரு. நான் கட்டுன பெல்ட்டை இழுத்துப் பாத்தாரு. மறுபடி ஏறிட்டாரு. அடுத்த லோடுக்கும் இறங்கினாரு. அதுக்கு அடுத்ததுக்கும். ஃபோர்மேன் "ஜல்தி ஜல்தி"ன்னு கத்துறாரு, அண்ணன் காதுல வாங்கல. ரிக்கர் கைகாட்டியும் ஓட்டுறவரு இறங்கி வந்து பாக்குறதுன்னா, அது மொத்த சைட்டுக்கும் புரியும். நாலு நாள் அப்படியே நடந்துச்சு. எனக்கு ஜோக்கு எதுவும் வரல.

எங்க சைட்டு சர்வேயர் யாழ்ப்பாணத்துக்காரர். அளவுன்னா அவருக்கு உசுரு. அவருகிட்ட போய் நின்னேன். "தம்பி, நீர் பகிடிக்குக் கேக்கிறீரோ, உண்மையாக் கேக்கிறீரோ?"ன்னாரு. உண்மையாத்தான் சார்னு சொல்லி நடந்ததைச் சொன்னேன். பழைய டிராயிங் ஒண்ணைத் திருப்பிப் போட்டு அதுல கணக்குப் போட்டாரு. அரை மணி நேரம் ஆச்சு. சூரியனை மேசையில கிடக்குற தூள் உப்புல ஒரே ஒரு உப்புன்னு வச்சுக்கணுமாம். அப்ப பூமி நாலு விரக்கடை தள்ளி இருக்கும், கண்ணுக்கே தெரியாது. நீயும் நானும் கேம்ப்பும் விசா கொடுத்த கபீலும் எல்லாம் அந்தத் தெரியாததுக்குள்ள. "சரி சார், பக்கத்து நட்சத்திரம்?" "அது இன்னொரு உப்பு. இஞ்சை முவைலாவில இதை வச்சா, அதைக் கொண்டுபோய் ரோலாவில வைக்கோணும். பதினாலு கிலோமீற்றர்." "நடுவுல?" "நடுவில ஒண்டும் இல்லை, தம்பி."

எனக்கு அதைக் கேட்டு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? மொத்தம் எத்தனை உப்பு சார்னு கேட்டேன். ஒரு டிரெய்லர் லோடு வருமாம், இருபத்தேழு டன். நம்ம கிரேனே தூக்கிடும்னேன். "தூக்கலாம். ஆனா ஒவ்வொரு உப்புக்கும் நடுவில ஒரு ரோலா விடோணுமே. பரப்பிக்கொண்டு போனா சந்திரனுக்குக் கிட்டவா வந்திடும்"னாரு. அப்புறம் அவரே ஒண்ணு சொன்னாரு. அவ்வளவு பெரிய கேலக்ஸியை ஒரு குப்பூஸ் ரொட்டி அளவுக்குச் சுருக்கிட்டா, பக்கத்து கேலக்ஸி இருபத்தஞ்சு குப்பூஸ் தள்ளித்தானாம். எங்க ரூம்ல என் கட்டில்ல இருந்து கதவு வரைக்கும். கேலக்ஸிங்க பக்கத்துப் பக்கத்துக் கட்டில்காரங்க மாதிரி, உள்ள இருக்குற நட்சத்திரங்கதான் ஒண்ணுக்கொண்ணு தொலைவு. எட்டுப் பேரு படுக்குற ரூம்ல இருக்குறவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை லீவு. அண்ணன் கட்டிலுக்குப் போய், சொன்னது பூரா நான் கட்டிவிட்டதுன்னு ஒத்துக்கிட்டேன். "தெரியும்டா"ன்னாரு, படுத்தபடியே. மெஸ்ல இருந்து கொண்டு வந்த உப்பு ஒண்ணை அவரு உள்ளங்கையில வச்சேன், ஒண்ணை நான் எடுத்துக்கிட்டேன். "நீங்க சூரியன். இங்கயே இருங்க. நான் ரோலா வரைக்கும் போறேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். ஆகஸ்ட் மாசம். பஸ்ல இருந்தே புள்ளைக்கு நேரா மெசேஜ் போட்டேன். "பாப்பா, நான் அப்பா கூட வேலை பாக்குற சித்தப்பா. அந்தக் கக்கூஸ் கதை நான் சொன்னது. அப்பாவுக்குப் பொய் தெரியாது, நான் கைகாட்டினா நம்பிடுவாரு, அதான் அவரு வேலை. இப்ப சரியான அளவு சொல்றேன். அப்பா கையில சூரியன் இருக்கு. நான் பக்கத்து நட்சத்திரம், பஸ்ல போயிக்கிட்டிருக்கேன். அரை மணி நேரமாப் போறேன், நடுவுல ஒண்ணுமே வரல." ரோலாவுல இறங்கிக் கைய விரிச்சா உப்பைக் காணோம். வேர்வையில கரைஞ்சு போச்சு. ஒரு ஓட்டல்ல போய் டீ வாங்கிட்டு, உப்பு டப்பாவுல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். சேட்டன் என்னை ஏற இறங்கப் பாத்தாரு. அதையும் சொன்னேன்: "பாப்பா, நட்சத்திரம் வர்ற வழியில கரைஞ்சிடுச்சு, இப்ப ஓட்டல்ல வேற எடுத்திருக்கேன். மன்னிச்சுக்க."

மறுநாள் டீ பிரேக்ல அண்ணன் போனுக்குப் பதில் வந்துச்சு. பாதி சிரிப்பு, பாதி மூச்சு. கடைசியில ஒரு கேள்வி. "அப்பா, அந்தச் சூரியன் இப்ப எங்க இருக்கு?" அண்ணன் சட்டைப் பையில இருந்து ஒரு காகித மடிப்பை எடுத்தாரு. ராத்திரி அதுலதான் வச்சிருந்திருக்காரு. ஸ்டோர்ல போய் டேப்பு வாங்கிட்டு வந்து கேபின் கண்ணாடியில ஒட்டினாரு. "எங்கூடத்தான் இருக்கு"ன்னு மெசேஜ் போட்டாரு. அன்னைக்கு மத்தியானம் சுவத்துக்கு அந்தப் பக்கம் லோடு. நான் பெருவிரலை மேல காட்டினேன். லோடு ஒரு சாண் எழும்பி நின்னுச்சு. அப்புறம் நிக்காம மேல போச்சு. அவரு இறங்கல.

அதுல இருந்து புள்ள தினமும் கேக்கும், சூரியன் இருக்கான்னு. ஆகஸ்ட் புழுக்கத்துல டேப்புக்குள்ள அது நசநசன்னு தண்ணியாயிடும், டிசம்பர்ல மறுபடி கல்லாயிடும். அதையும் அண்ணன் வானிலை அறிக்கை மாதிரி ஒப்பிப்பாரு. போன வருஷம் விசாவைக் கேன்சல் பண்ணிட்டு ஒரேடியா ஊருக்குப் போயிட்டாரு. டேப்பை உரிச்சு எடுத்துட்டுப் போங்கண்ணேன்னேன். "ஒன் தலைக்கு மேல ஒண்ணு இருக்கட்டும்டா"ன்னாரு. ஆறு மாசமா ஒரு மெசேஜும் இல்ல. வீட்டுல புள்ள பக்கத்துல இருக்கையில, எனக்கு எதுக்குப் பேசணும்னு நானும் விட்டுட்டேன்.

பாய் சுரண்டப் போன அன்னைக்கே டீ பிரேக்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அண்ணன் குரல்: "டேய், இருக்கா?" பின்னால பொண்ணு குரல், நல்லா வளந்து மாறிப்போன குரல்: "கல்லா இருக்கா, தண்ணியா இருக்கான்னு கேளுங்கப்பா." நான் கேபின்ல ஏறிக் கிட்டப் போய்ப் பாத்தேன். 'பாய் சுரண்டிட்டாருண்ணே, சூரியன் போச்சு'ன்னு சும்மா சேட்டைக்குச் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ரெகார்டு ஓடிக்கிட்டிருக்கு. அங்க ரெண்டு பேரும் ஒரே போன்ல காதை வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். "இருக்குண்ணே. கல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லி அனுப்பினேன்.

பாய் என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. சரி, இது சூரியன்னா அடுத்தது எவ்வளவு தூரம்னு இந்தியில கேட்டாரு. "சௌதா கிலோமீட்டர், பாய். ரோலா." பதினாலுன்னேன். "சச்?" நிஜமாவான்னாரு. "சச்." தலையை ஆட்டிட்டு எஞ்சினைப் போட்டாரு. நான் கீழ இறங்கி, லோடைக் கட்டி, பெல்ட்டை ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டு, கையைத் தூக்கினேன்.