திருப்பக் கூடாத முட்டைகள்

1. அடையாறில் நான் குடியிருக்கும் வீட்டின் ஓனர், கோழிமுட்டை பொரிக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். சூடு நிற்கவில்லையாம். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் நான் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும்.
2. சென்சாரை மாற்றினேன்.
3. "முட்டையைத் திருப்புற மோட்டாரையும் கழட்டிடும்மா" என்றார். கழற்றினேன்.
4. மறுநாள் சைதாப்பேட்டை நெரிசலில் பஸ் நின்றபோதுதான் உறைத்தது. திருப்பாவிட்டால் கோழிக்குஞ்சு ஓட்டோடு ஒட்டிச் செத்துவிடும். திருப்பினால் சாவது ஊர்வனவற்றின் முட்டை.

மாலையில் மொட்டைமாடிக்குப் போனேன். தொட்டிச் செடிகளுக்குப் பின்னால் செங்கல் அடுக்கிய தடுப்பு. உள்ளே நட்சத்திர ஆமைகள். பக்கத்து அறையில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கோழிக்குப் போதாத முப்பத்தொன்றரை டிகிரி.

"வாங்க இன்ஜினியர் மேடம்! சூடு எறங்காம பாத்துக்கோ. எறங்குனா அத்தனையும் ஆம்பளையாப் பொறந்துடும்" என்றார் ஓனர்.

"அங்கிள், இதெல்லாம் சட்டப்படி வீட்ல வச்சுக்கவே கூடாது."

"காட்டுல கீரி தின்னா பரவால்லியா? நான் இனத்தைப் பெருக்குறேம்மா. பொட்டை நெறைய பொறந்துட்டா அப்புறம் வெளியில எதுக்குப் புடிக்கச் சொல்லப்போறேன்?"

"அப்போ இதெல்லாம் புடிச்சுட்டு வந்ததா?"

"பின்ன? இங்க பொறந்தது பூரா அண்ணன் தங்கச்சி. புது ரத்தம் வேணாமா? அதோ, அந்தப் பொட்டை இப்பத்தான் வந்துது."

சொன்னதில் ஒளிவுமறைவே இல்லை. இங்கே எத்தனை பொரித்தாலும் அடுத்த சோடிக்காக எங்கோ ஒரு புதர்க்காட்டில் இன்னொன்றைப் பிடித்தாக வேண்டும். புதிதாக வந்த பெண் ஆமை செங்கல்லை முட்டி, விலகி, அதே செங்கல்லை மறுபடி முட்டியது.

வனத்துறைக்குச் சொன்னால் தூக்கிப்போகும் குலுக்கலிலேயே முட்டைகள் கெடலாம். எந்த ஊர் ஆமை என்று தெரியாமல் காட்டிலும் விடமாட்டார்கள். மாடிக்கு வேறு யாரும் வருவதில்லை. சொன்னது நான்தான் என்று உடனே தெரிந்துவிடும், வேறு வீடு தேட வேண்டும். பெட்டியை அணைத்தால் கொல்வது நான். அணைக்காவிட்டால் இந்தத் தடுப்புக்குள் அடுத்த தலைமுறையும் என் கைவேலை.

நேற்று கரண்ட் போனது. "மேடம், ஓடி வா!" என்று மேலிருந்து கத்தினார். ஓடிப்போய் பேட்டரியை இணைத்தேன்.

முட்டைகள் இன்னும் பொரிக்கவில்லை. பெட்டி முப்பத்தொன்றரையில் ஓடுகிறது. வனத்துறை எண்ணைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் அழைக்கவில்லை.