“பாட்டு மெலிஞ்சு போச்சு” என்று போன் வந்தால்

அடுத்தவர் காதுக்குள் போய்ப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் அங்கே ஏதாவது கோளாறு என்றால் போன் வருவது மட்டும் எங்களுக்குத்தான்.

மாத்தளை டவுனில் நானும் ஃபாஹிமும் சேர்ந்து சின்னதாக ஓர் ஓடியோ கடை வைத்திருக்கிறோம். வீடுகளுக்குப் போய் செட் பொருத்திக் கொடுப்பது நான். வயர், ரிப்பேர், சூடு வைத்து ஒட்டும் வேலை எல்லாம் ஃபாஹிம். கொஞ்ச காலமாக வசதியான வீடுகளில் ஸ்ட்ரீமர் என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. கசெட்டும் வேண்டாம், சீடியும் வேண்டாம். இணையத்திலிருந்து பாட்டை எடுத்து அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். அழகான பெட்டிதான், ஆனால் உள்ளே இருப்பது ஒரு கம்ப்யூட்டர். ஆகவே அதைப் பாட வைக்க ஒரு சொஃப்ட்வெயார் வேண்டும். அந்த சொஃப்ட்வெயாரை மாற்றினால் சத்தத்தின் தரமும் மாறும் என்று ஒரு கட்சி, மாறவே மாறாது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர் வீட்டிலும் டீ குடிக்கிறவன் நான்.

தையற்காரர்களே, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்களே, டிவி ரிப்பேர் செய்கிறவர்களே, “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு” என்ற வார்த்தையைக் கேட்டிருக்கிற எல்லோருமே, இது உங்களுக்காகத்தான்.

வயலினுக்கு இரத்தசோகை

பென்ஷன் எடுத்த டொக்டர் ஒருவர் எங்கள் பழைய வாடிக்கையாளர். கர்நாடக சங்கீதம்தான் கேட்பார், அதிலும் வயலின். ஒரு நாள் காலையிலேயே போன். சொஃப்ட்வெயாருக்குப் புது அப்டேட் வந்ததிலிருந்து வயலின் மெலிந்துபோய்விட்டது என்றார். எப்படி மெலிந்தது என்று கேட்டேன். இரத்தசோகை வந்த பிள்ளை மாதிரி, வெளிறிப்போய், உடம்பில் பலமே இல்லாமல் இருக்கிறது என்றார். அதற்கு மேல் கேள்வி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கருவிகளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பெரிய நாற்காலியில் கவலையோடு உட்கார்ந்திருந்தார். முழுப் பாட்டையும் எனக்குப் போட்டுக் காட்டினார். எந்த இடத்தில் வில் இழுப்பு வெளிறுகிறது என்று விரலால் சுட்டிச் சுட்டிக் காட்டினார். நானும் தலையாட்டிக்கொண்டே டெப்லட்டை வாங்கிப் பார்த்தேன். அப்டேட் வந்திருக்கிறது, போடட்டுமா என்று திரையில் கேட்டிருக்கிறது. டொக்டர் “பிறகு” என்ற பட்டனை அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான். பெட்டிக்குள் இருந்தது பழைய சொஃப்ட்வெயாரேதான்; ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டுமே என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார்:

“அறிவிப்பு வந்ததுக்கே இந்த நெலமைன்னா, அதைப் போட்டிருந்தா வயலின் செத்தே போயிருக்கும்.”

கித்துள் பாணி

மற்றவர்களைக் கேலி செய்கிறவன் தன் கதையையும் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை புது சொஃப்ட்வெயார் ஒன்றைக் கடையில் இருந்த ஸ்ட்ரீமரில் போட்டுப் பார்த்தேன். முதல் பாட்டிலேயே மயங்கிவிட்டேன். பாடுகிறவர் குரலில் கித்துள் பாணியை, அந்த மரத்துப் பதநீரைக் காய்ச்சிய இனிப்புப் பாகை, ஊற்றிய மாதிரி ஒரு கனிவு. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபாஹிம் மட்டும் சோல்டரிங் மேசையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

பிறகு, மத்தியானம் ஆள் வராத நேரமாகப் பார்த்து, என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னான். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போடுவதாகவும், எது எது என்று நான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். நானும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, இது புதுசு, இது பழசு என்று ஒன்றுகூடத் தவறாமல் சொன்னேன். ஃபாஹிம் பாராட்டவில்லை. சத்தம் அளக்கும் மீட்டரை எடுத்து வந்து ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்தான். புதிய சொஃப்ட்வெயார் எல்லாப் பாட்டையும் பழையதைவிடக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் பாட வைத்துக்கொண்டிருந்தது. காதுக்கு அது சத்தக் கூடுதல் என்று தெரியாது. நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடியும் கேட்டான். இந்த முறை எனக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. பழையதைப் புதிது என்றேன், புதியதைப் பழையது என்றேன்.

மீட்டரை அணைத்து அலுமாரியில் வைத்துக்கொண்டே ஃபாஹிம் சொன்னான்:

“பாணி வொலியூம்லதான் இருந்திருக்கு மச்சான்.”

முடியாத பாட்டு

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மெனேஜர், துரை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நம்முடைய ஆள்தான், நல்ல மனுஷன். அவர் பங்களாவில் ஒரே ஸ்ட்ரீமருக்கு மூன்று விதமான சொஃப்ட்வெயார் வைத்திருக்கிறார். விருந்தாளி வந்தால் போதும், ஒரு பாட்டைப் போடுவார். பல்லவி முடிவதற்குள் நிறுத்தி, இப்ப இதைக் கேளுங்க என்று அடுத்த சொஃப்ட்வெயாரில் அதே பல்லவியைப் போடுவார். பிறகு மூன்றாவதில். அதற்குள் முதலாவது எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும்; ஆகவே மறுபடியும் முதலிலிருந்து.

நாலாவது சொஃப்ட்வெயார் ஒன்றைப் பொருத்துவதற்காக நான் போயிருந்தேன். பெட்டியின் திரையில் ஓடும் எண்களை அவர் எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வெளியே மூடுபனி இறங்கி தேயிலையெல்லாம் மறைந்துவிட்டது. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். துரைக்கு ஃபெக்டரியிலிருந்து போன் வர, எழுந்து விறாந்தைக்குப் போனார். அந்த இடைவெளியில் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“தம்பி, எதை வேணும்னாலும் போடுங்க, ஆனா ஒரு பாட்ட கடைசி வரைக்கும் பாட விடுற மாதிரி ஒண்ணு இருந்தா அதப் பாத்துப் போடுங்க.”

டீச்சரும் ஓர்கன்காரரும்

சொஃப்ட்வெயாரால் எதுவுமே ஆகாது என்று இதுவரை வாசித்தவர்கள் நினைக்கக்கூடும். அப்படி நினைத்துக்கொண்டுதான் நானும் வஹகோட்டைக்குப் போனேன்.

அங்கே கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவைப் பழக்குகிற சிங்கள டீச்சர் ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டிலிருக்கும் தங்கை ஸ்ட்ரீமர் அனுப்பியிருந்தார்; கூடவே ஒரு பெரிய பாடகர் குழு பாடிய திருப்பலிப் பாடல்களின் பதிவும். திருவிழாவுக்கு அதே மாதிரி பாட வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. பிள்ளைகளை வீட்டு விறாந்தையில் உட்கார வைத்து, அந்தப் பதிவைப் போட்டுப் போட்டே பழக்கினார். நான் போனது வேறு வேலைக்கு. ஒரு ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று கூப்பிட்டிருந்தார். சரிசெய்துவிட்டு அந்தப் பதிவையே போட்டுப் பார்த்தேன். பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் டக்கென்று ஒரு மௌனம். அதன் பிறகு தொடர்ந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் மறுபடி ஒரு மௌனம்.

டீச்சரிடம் கேட்டேன். அது மூச்சு விடும் இடம், ரொம்ப அழகான இடம் என்று சிங்களத்தில் விளக்கினார். பிள்ளைகளுக்கும் அங்கே நிறுத்தத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாராம். ஓர்கன் வாசிக்கிறவர் மட்டும் அந்த இடத்தில் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போகிறாராம். சொன்னால் கேட்பதில்லை, பாட்டில் அப்படி ஓர் இடமே இல்லை என்கிறாராம். அதனால் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அவர் டீச்சரின் சொந்த மச்சான் வேறு.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரே மூச்சில் பாடிய நீளமான பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டைத் திறப்பதற்கு இவர் பெட்டியிலிருந்த சொஃப்ட்வெயார் கொஞ்ச நேரம் எடுக்கிறது. அந்த நேரம்தான் அந்த மௌனம். இடைவெளி விடாமல் பாட வைக்கும் செட்டிங் உள்ளேயே இருந்தது. அதைப் போட்டுவிட்டு மறுபடி பாட வைத்தேன். பாட்டு ஏறியது, நிற்கவில்லை, ஆற்று வெள்ளம் மாதிரி அடுத்த அடிக்குள் போய்விட்டது. டீச்சரின் கை தாளம் போட்டபடியே காற்றில் நின்றுவிட்டது. திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டே, இந்த முறை எனக்காகத் தமிழில் சொன்னார்:

“இந்தப் பெட்டி தெணறினதப் பாத்து பிள்ளைகளையும் தெணற வச்சிட்டேன், வாங்க, நீங்களும் என்னோட மச்சான் வீட்டுக்கு வந்து இத ஒருக்கா சொல்லுங்க.”

கேட்காத சலங்கை

இனி ஹாஜியார் கதை. மிளகு, கராம்பு வியாபாரம். டவுனில் மதிப்பான குடும்பம். ஃபாஹிமுக்கு மாமா முறை. பழைய சினிமாப் பாட்டென்றால் உயிர். அதில் புல்லாங்குழல் எங்கே வருகிறது, சலங்கை எங்கே குலுங்குகிறது என்று பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். அவர் ஒரு நாள் கடைக்கு வந்து, சொஃப்ட்வெயார் சலங்கையைத் தின்றுவிட்டது என்றார்.

போய் வேறு சொஃப்ட்வெயார் போட்டேன். நன்றாக இருக்கிறது என்று வழியனுப்பியவர், கொஞ்ச நாளில் அதே புகாரோடு வந்தார். இன்னொன்று போட்டேன். கடைசியில் கீச்சென்ற மெல்லிய ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும் செட்டிங் ஒன்று இருக்கிறது, அதைக் கூட்டிவிட்டேன். ஹாஜியார் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் மகள் அடுப்படியிலிருந்து வந்து, வாப்பா, பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருக்கு, குறையுங்க என்றார். பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? பாட்டைத் தவிர வேறு பொழுதுபோக்கே இல்லாத மனுஷன். மாமாவிடம் நீ சொல் என்று ஃபாஹிமைக் கேட்டேன். பள்ளிவாசலில் தினமும் முகத்தைப் பார்க்க வேண்டும், என்னால் முடியாது என்று ஒதுங்கிக்கொண்டான்.

அடுத்த முறை போனபோது, பரிசோதனை ஒலி ஒன்றைப் போடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். கட்டைச் சுருதியிலிருந்து மெல்ல மெல்லக் கீச்சென்ற சுருதிக்கு ஏறும் ஒலி அது. கேட்கும்வரை கையைத் தூக்கி வைத்திருக்கச் சொன்னேன். ஹாஜியார் கையைத் தூக்கினார். ஒலி ஏறிக்கொண்டே போனது. ஓரிடத்தில் கையை இறக்கிவிட்டு, முடிஞ்சிச்சா தம்பி என்று என்னைப் பார்த்தார். அப்போதுதான் வாசலில் நின்ற மகளைக் கவனித்தார். அவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நான் ஒலியை நிறுத்தினேன். ஹாஜியார் பெட்டியைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தொழுகைக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். கண்டியில் காதுக்கு நல்ல டொக்டர் இருக்கிறார் என்று மகளிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு அவரிடமிருந்து போனே இல்லை. கடைப் பக்கமும் வரவில்லை. ஒரு நல்ல மனுஷனுடைய சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று நானும் ஃபாஹிமும் மாறி மாறிக் கவலைப்பட்டோம். எப்படி இருக்கிறார் என்று கேட்கவும் இரண்டு பேருக்கும் பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கடைக்குள் நுழைந்தார். இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் சின்னதாக ஒரு கருவி. வந்ததுமே கடை ஸ்ட்ரீமரில் தன் பாட்டைப் போடச் சொன்னார். சலங்கை வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடியும்போது தாடி நனைந்திருந்தது. கண்டியில் டொக்டரிடம் வேலை செய்யும் ஒரு பிள்ளை மடிக்கணினியைத் திறந்து வைத்து, காதுக்குள்ளேயே சொஃப்ட்வெயாரைச் சரிபண்ணிக் கொடுத்ததாகச் சொன்னார். ஃபாஹிம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இப்ப எல்லாம் நல்லாக் கேக்குதா மாமா என்றான். ஹாஜியார் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எங்களைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னார்:

“சலங்கை நல்லாக் கேக்குது மகன், ஆனா என்ட பொண்டாட்டி எனக்குப் பின்னால நின்டு சொல்றதும் கேக்குது, இத கொஞ்சம் கொறச்சு வைக்க ஏலுமா?”

எந்த சொஃப்ட்வெயாரில் சத்தம் நன்றாக இருக்கும் என்று கேட்டு வருகிறவர்களை இப்போதெல்லாம் நான் முதலில் உட்கார வைத்து, எந்தப் பாட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரிக்கிறேன், அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு சத்தம் தானாகவே சரியாகிவிடுகிறது.