ஏறுகிறவரும் இறங்குகிறவரும் சந்திக்காத கோயில்

கலிஃபோர்னியாவின் சான் ரமோனிலிருந்து பள்ளி விடுமுறைக்கு ஜப்பான் போன எங்கள் மூவரில், ஐசு வகமட்சுவுக்குப் போயே தீரவேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் கோரியமா, அங்கே மாறி மெதுவான ரயில். ஏறக்குறைய மூன்று மணி நேரம். எல்லாம் அங்கே 1796-இல் கட்டிய சசாஎதோ என்ற மரக்கோயிலின் சாய்ந்த ஜன்னல்களைப் படத்தில் பார்த்துவிட்டு வந்த ஆசை.

பகல் பதினொன்றரைக்குக் கோயில் வாசலில் நின்றோம். ஆறு பக்கக் கோபுரம், ஐம்பதடிக்குச் சற்று அதிக உயரம். கோயிலாயிற்றே என்று மூவரும் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தோம். மற்றவர்கள் ஷூவோடுதான் போனார்கள். உள்ளே படிகள் இல்லை. சாய்வான மரப்பாதை சுற்றிச் சுற்றி மேலே போகிறது. எங்கள் ஏழு வயது மகள் யாழினி முன்னால் ஓடினாள்.

"விடு. திரும்பி இதே வழியாத்தானே வரணும், எங்க போயிடப் போறா?" என்றார் என் கணவர் முருகேஷ்.

உச்சியில் ஒரு சின்ன வளைவுப் பாலம் மட்டும் இருந்தது. யாழினி இல்லை. பாலத்துக்கு அப்பால் வேறொரு பாதை கீழே இறங்கியது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் எதிர்ப்படாமலே போகும்படி கட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டடக் கலையை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

முருகேஷ் வந்த வழியே ஓடினார். நான் மறுபாதையில் இறங்கினேன். அது என்னைப் பின்வாசலில் விட்டது. அங்கே மரங்கள்தான் நின்றன. பெயர் சொல்லிக் கத்தினேன். மொழி தெரியாத ஊரில் யாரிடம் என்ன கேட்பது? வெறும் சாக்ஸோடு சரளைக்கல்லில் ஓடிக் கோயிலைச் சுற்றி முன்பக்கம் வந்தேன்.

மூன்று ஜோடி ஷூக்களுக்குப் பக்கத்தில் யாழினி உட்கார்ந்திருந்தாள். முருகேஷ் மூச்சு வாங்க அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க எப்படிடி வந்த?"

"ஐ கேம் அவுட் த பேக், அம்மா. யூ ஆல்வேஸ் சே, இஃப் ஐ கெட் லாஸ்ட், கோ வெயிட் நியர் த ஷூஸ்."

எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள லிவர்மோர் கோயிலுக்குத் திருவிழாக் கூட்டத்தில் போகும்போதெல்லாம் நான் சொல்வது அது. தமிழில்தான் சொல்வேன். அவள் கார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். காதில் ஏறவில்லை என்றே நினைத்திருந்தேன்.

கட்டிப்பிடித்து அழுதேன். போன உயிர் திரும்பி வந்தது.

திரும்பும் ரயிலில் வழிநெடுக அவளிடம் தமிழில் பேசிக்கொண்டே வந்தேன். அவள் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். அன்று அது எனக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை.