தெர்மாகோலுக்கு ஒரு ஜிகினா, கண்ணிமைக்கு ஒரு ஜிகினா

போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை திண்டிவனம் வழியாக விழுப்புரம் போய் வந்தேன். கோயிலுக்கும் இல்லை, குளத்துக்கும் இல்லை. கைப்பையில் இரண்டு சிறிய ஜிகினா டப்பாக்கள், அவ்வளவுதான் சாமான்.

தாம்பரத்தில் கைவினை வகுப்பு நடத்துகிறேன். இந்த வலைப்பூவைப் படித்துவிட்டு அடிக்கடி சந்தேகம் கேட்பவர் சகாயமேரி. திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீட்டு முன்னறையிலேயே மணப்பெண் அலங்காரம் செய்கிறார். புதன்கிழமை மாலை ஒரு டப்பாவின் படத்தை அனுப்பி, "அக்கா, இத கண்ணு மேல போடலாங்களா?" என்று கேட்டிருந்தார். வாழ்த்து அட்டையில் ஒட்டுகிற ஜிகினா அது. உடனே போன் செய்து, வேண்டவே வேண்டாம் என்றேன்.

மறுமுனையில் டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "என் கண்ணுல போட்டுப் பாத்துட்டேங்க்கா. மண்ணு வுழுந்த மாரி உறுத்திக்கினே இருக்குது" என்றார். மறுநாள் மாலை விழுப்புரத்தில் ஒரு திருமண வரவேற்பு. அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. தண்ணீரால் கழுவச் சொன்னேன், கசக்காமல் இருக்கச் சொன்னேன். அப்புறம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

தாம்பரத்திலிருந்து திண்டிவனம் சுமார் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். அரசுப் பேருந்தில் இரண்டரை மணி நேரம் ஆனது. காலையில் போகிறவர்கள் வலப்பக்க இருக்கையைப் பிடியுங்கள். இடப்பக்கம் முழுக்க வெயில்.

வழியெல்லாம் ஜிகினா நினைப்புதான். மினுங்க வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு ரொம்பப் பழையது. முதலில் காக்காப்பொன்னைப் பொடித்துப் பூசினார்கள். மண்ணைக் கிளறினால் ஏடு ஏடாகப் பளபளக்குமே, அதேதான். பிறகு கண்ணாடித் தூளும் உலோகத் தகடும் வந்தன. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாள். இயந்திரம் அதை அறுகோணத் துணுக்குகளாக நறுக்கிப் போடுகிறது. கைவினைக்கானது பெரியது, ஓரம் கூர்மை. ஒப்பனைக்கானது பொடிசு, தோலுக்கு ஆகும் சாயம். இப்போது செடியின் நார்ப்பொருளிலிருந்தும் செய்கிறார்கள். டப்பாவுக்கு வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மினுக்குதான். மேரி ஏமாந்ததில் ஆச்சரியமில்லை.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். கையில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலைப் பொட்டலம். "பஸ்ல துன்னுக்கினே போலாங்க்கா" என்றார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். இடக்கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"மொதல்ல ஆஸ்பத்திரி" என்றேன்.

விழுப்புரம் அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசை நீளம்; ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆனது. மேரி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டே வந்தார். மல்லாட்டையை நான்தான் தின்று தீர்த்தேன்.

கண் மருத்துவர் ஒரு பெண். கருவியில் பார்த்து, இமைக்கு உள்ளே ஒட்டியிருந்த துணுக்கு ஒன்றை எடுத்தார். "கருவிழி ஓரத்துல லேசான கீறல். ஆறிடும். சொட்டு மருந்து விடுங்க, கசக்காதீங்க."

"இன்னிக்கி சாயங்காலம் வேல செய்யலாங்களா டாக்டர்?"

"கூசும், தண்ணி வரும். தாங்க முடிஞ்சா செய்யுங்க."

மேரி அப்போதுதான் மூச்சு விட்டார்.

மண்டபத்தில் வேறு சோதனை காத்திருந்தது. மணப்பெண் திவ்யா, பனமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். அவளுடைய அத்தை மேரியைப் பார்த்ததுமே குரலை உயர்த்தினார். "இன்னாது, கண்ணு இப்பிடிச் செவந்துகினு கெடக்குது? பொண்ணுக்கும் ஒட்டிக்கினா யாரு பாக்கறது? ஜல்தியா டவுன்ல வேற ஆளப் பாருங்க!"

ஒட்டுகிற நோய் இல்லை என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. மேரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

"எப்பிடிங்க ஆச்சு?" என்று திவ்யாதான் கேட்டாள்.

"ஒங்களுக்குப் போட வாங்குன ஜிகினாம்மா. புதுசு. எப்பிடி இருக்குமோன்னு மொதல்ல நான் போட்டுப் பாத்தேன். அது வேணாம், வேற எடுத்தாந்திருக்கோம்."

திவ்யா நாற்காலியைக் கண்ணாடி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தன் கண்ணுல போட்டுப் பாத்துட்டுதான் என் கண்ணுக்கு வர்றாங்க. எனக்கு இவங்களே போதும் அத்த."

அத்தை கதவருகே போய் நின்றுகொண்டார்.

மேரி கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடங்கினார். நான் கைப்பையில் கொண்டுபோன, கண்ணுக்கு ஏற்ற ஜெல் ஜிகினாவைத் திவ்யாவின் முழங்கை மடிப்பில் தடவி, அரிக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். பிறகு இமையின் நடுவில் மட்டும், தூரிகையால் ஒற்றி ஒற்றி வைத்தார். இமை ஓரத்தை அவர் நெருங்கவே இல்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பஞ்சால் துடைத்துவிடுவது மட்டும் என் வேலை.

முடிந்ததும் திவ்யா தலையை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். விளக்கொளி இமையில் புரண்டது. கதவருகே நின்ற அத்தை உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, "மேரி, எனக்கும் லேசா வெய்யேன். ரொம்ப வாணாம்" என்றார்.

மேரியின் பையிலிருந்த, வில்லங்கம் பிடித்த அந்த வாழ்த்து அட்டை ஜிகினா டப்பாவும் வீணாகவில்லை. மேடையில் மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி வெள்ளையாகவே வைத்திருந்தார்கள். மேரி பசை தடவித் தூவிவிட்டார். வந்தவர்களெல்லாம் அதன் முன்னால்தான் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான்கு நாள் கழித்து மேரி கூப்பிட்டார். கண் தெளிந்துவிட்டதாம், மருத்துவரும் பார்த்துவிட்டாராம். "ரெண்டு எடத்துல கேட்டுக்கினு இருக்காங்கக்கா. அந்த ஜெல்லு எங்க கெடைக்கும்?"

உங்களுக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பனைக் கடையில் வாங்குங்கள், எழுதுபொருள் கடையில் அல்ல. நகத்துக்கான ஜிகினாவும் கண்ணுக்கு ஆகாது. உதிரும் பொடியைவிட ஜெல் நல்லது. கழற்றும்போது தேய்க்காமல், எண்ணெய் தொட்ட பஞ்சை இமையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுங்கள். கண்ணுக்குள் போய்விட்டால் கழுவுங்கள். உறுத்தல் நிற்காவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். டப்பாவில் கண்ணுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தூக்கி எறிய வேண்டாம், பொங்கல் வாழ்த்து அட்டையில் ஒட்டி யாருக்காவது அனுப்புங்கள். அங்கே அது இன்னும் நன்றாக மினுங்கும்.