பொன்னுலிங்கம் மாட்டிய காற்றுக்குழாய்

பொன்னுலிங்கத்தை வேலையிலிருந்து விரட்டியவர் பஸ் முதலாளி. விரட்டுவதற்கு வழி செய்து கொடுத்தவர்கள் பஸ் தொழிலாளர் சங்கத்துக்காரர்களாகிய நாங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் மன்னிப்புக் கேட்பது போல இருக்கும்.

1951-இல் பத்தொன்பது நாள் பஸ் ஸ்டிரைக். கருங்காலிகளை வைத்து வண்டியை எடுக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. ஒவ்வொரு எஞ்சினிலும் ரோட்டர் என்று கட்டைவிரல் பருமனில் ஒரு துண்டு உண்டு. அது இல்லாவிட்டால் வண்டி உறுமக்கூடச் செய்யாது. பதினோரு வண்டியிலும் அதைக் கழற்றிவிடும்படி சங்கத்தில் முடிவெடுத்தோம். கழற்றத் தெரிந்தவர் பஸ் ஷெட் மெக்கானிக் பொன்னுலிங்கம் ஒருவர்தான். கழற்றினார். ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, எந்த வண்டி என்று நம்பர் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். ஸ்டிரைக் முடிந்த அன்று அவரே போய்ப் பதினொன்றையும் மாட்டினார். பதினோரு வண்டியும் முதல் சுற்றிலேயே கிளம்பின.

மற்றவர்களிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு வேலை கொடுத்தார்கள். பொன்னுலிங்கத்துக்குக் கடிதமும் கேட்கவில்லை, வேலையும் கொடுக்கவில்லை. வண்டியைக் கெடுத்தவன் என்றார்கள். களியக்காவிளையிலிருந்து அஞ்சுகிராமம் வரைக்கும் உள்ள ஒர்க்‌ஷாப்புகளுக்கு அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. சங்கத்தில் கண்டனத் தீர்மானம் போட்டோம். நான் ஒரு நோட்டீஸ் எழுதி ஐந்நூறு அடித்தேன். படித்தவர்களின் மண்டையில் ஒரே வரிதான் நின்றது: ரோட்டரைக் கழற்றியவன் பொன்னுலிங்கம். வண்டிகெடுப்பான் என்ற பெயர் அதற்குப் பிறகுதான் திங்கள்சந்தையில் நிலைத்தது.

அங்கேயே சந்தைக்குத் தெற்கே ஓலைக் கூரை போட்டு ஒரு ஷெட் வைத்துக்கொண்டார். சைக்கிள் வந்தது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் எஞ்சின் வந்தது. நாலு சக்கரம் எதுவும் வரவில்லை. மனைவி தங்கபாய் கடியபட்டணத்துக்காரி. வள்ளியாறு கடலில் விழுகிற இடத்தில் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, மணலில் புதைத்து அழுகவைத்து, அடித்துத் தும்பு என்கிற நாரெடுத்துக் கயிறு திரிப்பாள். குடும்பம் அதில்தான் நடந்தது.

1955 தை மாதம் ஷெட்டு வாசலில் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. ஓட்டி வந்தவர் சத்தியராஜ், குலசேகரத்துக்கு மேலே ரப்பர் எஸ்டேட் வைத்திருப்பவரின் மகன். முப்பது வயது இருக்கும். நான் அப்போது ஷெட்டில் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"பொன்னுலிங்கம் நீருதானா வே?"

"ஆமா மொதலாளி. வண்டி தெரிஞ்சுதான் வந்ததா, வழி தப்பி வந்ததா?"

"தெரிஞ்சுதான் வந்தேன். நாரோயில்ல மூணு பேருட்ட காட்டியாச்சு. இத மாட்டத் தெரியாதுன்னுட்டானுவ."

சீட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து வைத்தார். இங்கிலாந்திலிருந்து கொச்சிக் கப்பலில் வந்தது. உள்ளே ஒரு வளைந்த அலுமினியக் குழாய், நாலு கிளிப், ஒரு படம். பொன்னுலிங்கம் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

"வண்டி அதுக்க சூட்டையே திரும்ப மூச்சு இழுக்குது. இந்தக் குழாய முன்னால ரேடியேட்டர் பக்கம் நீட்டினா வெளிய உள்ள குளுந்த காத்து நேரா உள்ள போவும். அதானே?"

"எப்பிடி வே தெரியும்?"

"காலையில மொத டிரிப்புல நல்லா இழுக்குத பஸ்ஸு உச்சி வெயில்ல இழுக்காது. டிரைவர்மாரு பெட்ரோல குத்தம் சொல்லுவாவ. காத்தாக்கும் காரியம்."

சென்னைக்குப் பக்கத்தில் பழைய விமானத்தளம் ஒன்றில் மாசி மாதம் கார்ப் பந்தயம். அதற்காகத்தான் இந்த வேலை. சத்தியராஜ் பந்தய நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்தார். பொன்னுலிங்கம் அதைச் சுவரில் ஒட்டினார். போகும்போது சத்தியராஜ் சொன்னதை நான் காதால் கேட்டேன்: "இது ஓடிச்சுன்னா எஸ்டேட் லாரி ரெண்டும் உம்ம கையில. மேனேஜரு என்ன சொன்னாலும் செரி."

இரண்டு லாரி. நாலு வருஷத்துக்குப் பிறகு.

குழாயை மாட்டுவது அவருக்குப் பெரிய வேலையாக இல்லை. பழைய குழாயைக் கழற்றி, குறிப்பெழுதித் தனியே கட்டி வைத்தார். ரேடியேட்டருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்த சந்து வழியே புதுக் குழாயை நுழைத்தார். தகரத்தை வெட்டாமலே நுழைத்தார். எஞ்சின் சூடு குழாயில் ஏறாதபடி நடுவில் ஒரு அஸ்பெஸ்டாஸ் தகடு நிறுத்தினார். கார்புரேட்டர் வாயில் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி வாஷர் போட்டார். காற்று எங்கேயாவது கசிகிறதா என்று பீடிப் புகையை ஊதி ஊதிப் பார்த்தார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. குழாயின் வாயில் தூசி வடிகட்ட ஒரு கம்பளி வளையம் வந்திருந்தது. கப்பலிலோ துறைமுகத்திலோ நனைந்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

"அது இல்லாம ஓட்டுவோம் வே. பந்தயத்துல எல்லாவனும் தொறந்துதான் ஓட்டுவான்" என்றார் சத்தியராஜ்.

"மெட்ராஸு வரைக்கும் ரோட்டு வழி இல்லியா போகணும். ஆரல்வாய்மொழி காத்துல பறக்குத மண்ணு அவ்வளவும் உள்ள போவும். மூக்குல மசிரு இல்லாம எப்பிடி மொதலாளி?"

பஸ் கம்பெனி ஸ்டோரில் பழைய கம்பிவலை வடிகட்டி கிடந்தது. அது இருக்கும் அலமாரிகூட பொன்னுலிங்கத்துக்குத் தெரியும். ஆனால் அவர் அந்தக் கேட்டைத் தாண்ட முடியாது. நான் போனால் கேட்டையே பூட்டிவிடுவார்கள். அதனால் அவர் வேறு வழி பார்த்தார். தங்கபாயிடம் நல்ல தும்பு கேட்டார்.

"என்னத்துக்கு?" என்றாள்.

"காருக்கு மூக்குல வைக்கதுக்கு."

"நாலு வருசமா நான் திரிச்ச கயிறுல நீங்க தொங்குதீங்க. இப்ப காரும் தொங்கப் போவுதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் இருந்ததிலேயே நயமான தும்பை எடுத்தாள். கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒருமுறை அவித்து, பாயில் காயவைத்துக் கொடுத்தாள். பொன்னுலிங்கம் அதை எஞ்சின் ஆயிலில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு கம்பிவலைக்கு நடுவில் அடைத்துக் குழாய் வாயில் மாட்டினார். மிச்சத் தும்பை ஆயிலோடு ஒரு டப்பாவில் போட்டு, மாற்றுவதற்கு ஆகும் என்று வைத்தார்.

திங்கட்கிழமை சந்தை நாளில் ஓட்டிப் பார்த்தார்கள். தக்கலை வழியாக வில்லுக்குறி போய்த் திரும்பி வந்தது. வந்த சத்தத்துக்குச் சந்தையே திரும்பியது. சத்தியராஜ் இறங்கி, "வேற வண்டி மாதிரி இருக்கு வே" என்றார். கூட்டத்தில் பஸ் டிரைவர் ஞானதாசன் நின்றிருந்தார். ஸ்டிரைக்கில் எங்களோடு இருந்து, மன்னிப்புக் கடிதம் கொடுத்து உள்ளே போனவர். நாலு வருஷமாக பொன்னுலிங்கத்தோடு பேசாதவர். எஞ்சினைக் குனிந்து கேட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கெடுக்குத கை இப்பிடி மாட்டாது."

பொன்னுலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்தார்.

புதன்கிழமை கார் சென்னைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். ஷெட்டில் ஒரு தண்ணீர் எஞ்சின் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பெஞ்சு முழுவதும் அதிரும். மிச்சத் தும்பு போட்ட டப்பா அந்தப் பெஞ்சில்தான் இருந்தது. ஆயிலை வேறு வேலைக்கு எடுக்கலாம் என்று சரித்திருக்கிறார்.

"அண்ணாச்சி, இதப் பாருங்க."

டப்பாவின் அடியில் கறுப்பாக ஒரு படிவு. இரண்டு சிட்டிகை இருக்கும். விரலில் தேய்த்தேன். மினுங்கியது.

எங்கள் கடற்கரையில் அது எல்லாருக்கும் தெரியும். மணவாளக்குறிச்சிக் கருமணல். பார்க்க மை போல இருக்கும். கையில் எடுத்தால் கனக்கும். கதம்பையைப் புதைத்து மேலே வாரிப் போடுகிற மணல் அதுதான். ஆறுமாதம் அதிலேயே கிடந்து ஊறுகிற தும்பின் உள்ளே ஏறி ஒட்டிக்கொள்ளும். கயிறு திரிக்க அது இடைஞ்சல் இல்லை. அதனால் அதைப் பற்றி யாரும் யோசித்தது கிடையாது.

"மூணு வாட்டி அலசினா. அவிச்சா" என்றார். "அப்பம் எறங்கல்ல. எஞ்சின் அதிருததுல இல்லியா எறங்கியிருக்கு. கார் அதிராதா?"

"தூசிதானே வே" என்றேன். சொல்லும்போதே பொய் என்று தெரிந்தது.

அவர் ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து அந்த மணலை வைத்துத் தேய்த்தார். சில்லில் கோடு விழுந்தது. "சிலிண்டருக்குள்ள இது போவும்" என்றார். "நான் வடிகட்டியா வச்சேன். மண்ணுச் சாக்காக்கும் வச்சிருக்கேன்."

எஸ்டேட் ஆபீசில் டெலிபோன் உண்டு. அன்றைக்கே பஸ் பிடித்துக் குலசேகரம் போனோம். நான் உடன் போனது தப்பு. கேட்டில் என் முகத்தைப் பார்த்ததும் மேனேஜர் வெளியே வந்தார்.

"ரப்பர்ப் பால் வெட்டுக்காரனுவளக் கூட்டிச் சங்கம் வைக்க வந்தீரா?"

"சின்ன மொதலாளிக்க காரு விசயம். ஒரு போன் போட்டுத் தாருங்க" என்றார் பொன்னுலிங்கம்.

"வண்டிகெடுப்பானும் வந்திருக்கியா. என்ன செய்து வச்சிருக்க அந்த வண்டிய?"

கேட்டைச் சாத்திவிட்டார். சாத்திய கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பொன்னுலிங்கம் கருமணலைப் பற்றி விளக்கிச் சொன்னார். உள்ளே நின்ற வாட்ச்மேன் மட்டும் கேட்டான்.

வெள்ளிக்கிழமை தந்தி யோசனை வந்தது. சுவரில் ஒட்டியிருந்த பந்தய நோட்டீஸில் கிளப் விலாசம் இருந்தது. நெய்யூர் தபாலாபீசில் நான் இங்கிலீஷில் எழுதினேன்: வடிகட்டியைக் கழற்று, ஓட்டாதே. யார் பெயர் போடுவது என்ற கேள்வி வந்தது.

"எனக்க பேரு போடுங்க" என்றார் பொன்னுலிங்கம்.

"உம்ம பேரு கெடந்தா மெட்ராஸுல எவன் மதிப்பான்" என்று சொல்லி என் பெயரைப் போட்டேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் ஷெட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். வேலை வந்தது, செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, "இப்பம் முடிஞ்சிருக்கும்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை கார் ஒரு லாரியின் மேல் ஏறி வந்தது. சத்தியராஜுக்குக் கோபம் இல்லை. அதுதான் மோசம்.

"மூணு ரவுண்டு பறந்துது வே. நான்தான் முன்னால. நாலாவதுல பொகைய அடிச்சுட்டுப் படுத்துட்டு."

"தந்தி வரல்லியா மொதலாளி?"

"வந்துது. இவருக்க பேரு இருந்துது" என்று என்னைக் காட்டினார். "அப்பாகிட்ட போன்ல கேட்டேன். யூனியன்காரன் வேலையாக்கும், கண்டுக்காதேன்னாரு."

எஞ்சினைத் திறந்தார்கள். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழ் வரைக்கும் சீப்பால் வாரியது போலக் கோடுகள். சந்தையில் ஆள் கூடிவிட்டது. ஞானதாசனும் இருந்தார். நான் பொன்னுலிங்கத்தைத் தனியே இழுத்துச் சொன்னேன், "ரோட்டு மண்ணுன்னு சொல்லும். ஆருக்குத் தெரியப் போவுது."

அவர் என் கையை எடுத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் வச்ச தும்பாக்கும். அதுல கருமணல் இருந்துது. நான் பாக்கல்ல."

"எஞ்சினக் கழத்தித் திரும்பக் கண்டிசன் பண்ணிக்கலாம்" என்றார் சத்தியராஜ். மெட்ராஸில் பண்ணிக்கொண்டார். லாரிகளைப் பற்றிப் பேச்சு எழவில்லை. ஞானதாசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து நான் வீட்டுக்குப் போனபோது தங்கபாய் தும்புக் குவியலின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். "நாலாவது வாட்டி அலசியிருக்கணும் அண்ணாச்சி" என்றாள். எத்தனை அலசினாலும் போகாது என்று பொன்னுலிங்கம் உள்ளேயிருந்து சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார்: "கெடுக்கல்ல கெடுக்கல்லன்னு நாலு வருசம் சொல்லிட்டு நடந்தேன். இனி என்னத்தச் சொல்ல?"

சத்தியராஜ் அந்த அலுமினியக் குழாயை வேண்டாம் என்று விட்டுப் போயிருந்தார். பொன்னுலிங்கம் அதை ஷெட்டு வாசலில் ஆணியில் தொங்கவிட்டார். சந்தைக்கு வருகிறவர்கள் கைகாட்டிப் பேசினார்கள். எடுத்து உள்ளே போடும் என்றேன். போடவில்லை.

1956 நவம்பர் முதல் தேதி. எங்கள் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாள். திங்கள்சந்தையில் கொடியும் வெடியுமாக ஊர்வலம் வந்தது. முன்னால் வந்த லாரி, ஆள் நிறைந்தது, சரியாகப் பொன்னுலிங்கத்தின் ஷெட்டு முன்னால் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. டிரைவர் கிளப்பிக் கிளப்பிப் பார்த்தார். பொன்னுலிங்கம் வாசலுக்கு வந்தார். கையில் ஸ்பானர் இருந்தது.

"பெட்ரோல் குழாயில அடைப்பு. ஒரு ஊது ஊதினா போயிரும்" என்றார் என்னிடம்.

நான் லாரிக்குப் போய் டிரைவரிடம் சொன்னேன்.

"ஆரு சொன்னா?" என்றார்.

பெயரைச் சொன்னேன். அவர் ஷெட்டைப் பார்த்தார், தொங்கும் குழாயைப் பார்த்தார். "இறங்கித் தள்ளுங்க மக்கா" என்று பின்னால் திரும்பிச் சொன்னார். முப்பது நாற்பது பேர் கோஷம் போட்டுக்கொண்டே இறங்கித் தள்ளினார்கள். இரண்டு பர்லாங் தள்ளி, மேட்டில் இருந்த வேறு ஒர்க்‌ஷாப் வரைக்கும் தள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது.

பொன்னுலிங்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஊதியிருக்கான்" என்றார்.