யானைக் காலடியில் என் சைக்கிள்

போன அறுவடையின்போது நடந்தது இது. நான் பொத்துவிலில் வயல் செய்பவன். வயலுக்குப் போய்வர, நம் நாட்டிலேயே செய்த மவுண்டன் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தேன். உருக்கு பிரேம், அதனால் கனம்.

"வெளிநாட்டுச் சைக்கிள் எடுத்திருந்தா ஒத்தக் கையால தூக்கலாம் மச்சான்" என்று மனைவியின் தம்பி எப்போதும் கேலி பண்ணுவான்.

அன்று பின்னேரம் நானும் அவனும் வயலிலிருந்து திரும்பினோம். நான் விட்ட பிழை, பழுத்த வாழைக்குலையைக் கெரியரில் கட்டியதுதான். வாய்க்கால் வளைவில் தனியன் யானை ஒன்று நின்றது.

"சைக்கிளப் போட்டுட்டு ஓடுங்க மச்சான்!"

ஓடி மரத்தின் பின்னால் ஒளிந்தோம். யானை அவசரப்படவில்லை. குலை முழுவதையும் தின்றுவிட்டு, சைக்கிளைக் காலால் மிதித்து நசுக்கிவிட்டுக் காட்டுக்குள் போனது.

காலையில் போய்ப் பார்த்தோம். சேற்றில், பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சோற்றுச் சஹன் தட்டின் அளவுக்கு ஒரு வட்டக் காலடி. அதற்குள் சைக்கிளின் நடுப்பகுதி புதைந்து கிடந்தது. றிம் இரண்டும் முறுக்குப்போல நெளிந்திருந்தன. வாய்க்கால் தண்ணீரில் கழுவினேன். பிரேம் நேராக இருந்தது! மேல் குழாயில் மட்டும் ஒரு பள்ளம். சேறு இளகியிருந்ததும் உதவியிருக்கும்தான்.

மனைவியின் தம்பி அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தான். "சுப்ஹானல்லாஹ்! நம்மட நாட்டுச் சைக்கிள் யானையையே தாங்கியிருக்கே!"

"ஓம்" என்றேன்.

இப்போது சைக்கிளில் பழம் கட்டுவதில்லை. பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்பே வயலைவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். றிம் மாற்றி அதே சைக்கிளில்தான் போகிறேன். எந்தச் சைக்கிள் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் பதில் சொல்வதில்லை. அவர் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைக்கிறேன்.