கைத்தட்டலுக்குச் சொன்ன பாதி

செய்தியைச் சொன்னவர் ரங்கநாதன். "நம்ம தேவசகாயம் போயிட்டாருப்பா. காலைல எழுந்துக்கவே இல்லியாம்" என்றவர், மேற்கொண்டு பேச முடியாமல் போனை வைத்துவிட்டார். ஒரு காலத்தில் தேவசகாயத்தின் பெயரைக் கேட்டாலே அவர் முகம் சிவந்துவிடும். அப்படிப்பட்டவர் குரல் உடைந்து எனக்குச் செய்தி சொன்னதே தேவசகாயத்தின் வெற்றி என்று பட்டது. ஆகவே இதை நான் அழுதுகொண்டு எழுதப்போவதில்லை.

அவரை அறிந்த சகோதரர்களுக்கு எங்கள் சபையின் வழக்கம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்; இது மதச் சபை இல்லை. மனிதன் தன்னையே ஒரு கட்டடமாக எழுப்பிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கொள்கை. நடத்தைக்கு மூலைமட்டம், மனத்துக்குத் தூக்குக்குண்டு என்று கொத்தனாரின் கருவிகள்தான் எங்களுக்குப் பாடம். இடுப்பில் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டுதான் கூட்டத்துக்குள் போக வேண்டும். நான் அங்கே வாயில்காப்பாளன். வருகிற ஒவ்வொருவரிடமும், "சுவர் நேராக நிற்கிறதா?" என்று கேட்பேன். சபையில் யாரோடும் மனத்தாங்கல் இல்லாதவர், "நேராக நிற்கிறது" என்று சொல்லி ஏப்ரனைக் கட்டலாம். மனத்தாங்கல் இருந்தால் இருவரும் வெளியே போய்ப் பேசித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் இருவருமே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதல்முறை ஏப்ரனைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, கல்யாண சமையலா?" என்று கேட்டவர் தேவசகாயம். புதிதாகச் சேர்பவருக்குச் செதுக்காத கருங்கல் ஒன்றைக் கொடுப்போம். சேர்பவர்தான் அந்தக் கல். ஆயுள் முழுக்கத் தன்னைச் செதுக்கிக்கொள்ள வேண்டும் என்று பொருள். தேவசகாயம் தன் கல்லை வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். கேலி செய்தேன். "செதுக்கி முடிக்கிற வரிக்கும் சும்மாவா கெடக்கணும்? ஒரு வேல செய்யட்டுமே" என்றார்.

தொண்ணூற்றொன்றில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்தபோது, சபையைச் சேர்ந்த நாங்கள் மூவரும் ஒரே ஆலையில் இருந்தோம். ரங்கநாதன் உற்பத்தி மேலாளர், தேவசகாயம் தொழிற்சங்கச் செயலாளர், நான் ஃபிட்டர். ஆலையில் சார் என்று கூப்பிடுகிறவரைச் சபையில் சகோதரரே என்று கூப்பிட எனக்கு நாக்கே புரளாது. தேவசகாயத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவர் ஆலையிலும் சார் போட்டதில்லை.

அந்த வருஷம், வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினின் கார்டைக் கழற்றச் சொன்னார் ரங்கநாதன். கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பித் தடுப்பு அது. ஏழுமலை என்ற தொழிலாளியின் விரல் நசுங்கிப்போனது. ஆலை வாசலில் சங்கம் போட்ட கேட் மீட்டிங்கில் தேவசகாயம் மைக்கைப் பிடித்தார். "கார்டைக் கழட்டச் சொன்னது இந்த மேனேஜர்தான்!" கைத்தட்டினார்கள். "ஏழுமலை கையில ரத்தம் ஊத்துது, இவரு ரூம்ல காபி குடிச்சிக்கினு கீறாரு!" இன்னும் பலமாகத் தட்டினார்கள். முதலில் சொன்னது உண்மை. இரண்டாவது பொய். ஏழுமலையைத் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவரே ரங்கநாதன்தான்.

அடுத்த ஞாயிறு பென்னலூரில் எங்கள் புது மண்டபத் திறப்பு. கிழக்குச் சுவரின் கடைசி வரிசையில் சகோதரர்கள் அனைவரும் ஆளுக்கொரு செங்கல் வைத்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். ஒருவர் கல்லை இன்னொருவர் வைக்கக் கூடாது. கலவை தயாராக இருந்தது. நான் வழக்கம்போலக் கேட்டேன். ரங்கநாதன் ஏப்ரனை வாங்காமல் தள்ளிப்போய் நின்றார். தேவசகாயம், "நேரா இல்ல" என்றார்.

"சும்மா சொல்லிட்டு ஏப்ரனக் கட்டுங்களேன், யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் ஒரு சகோதரர். ரங்கநாதனும் கொஞ்சம் இறங்கி வந்தார். "எங்கிட்ட தனியா ஒரு ஸாரி சொல்லுங்க. போதும்."

தேவசகாயம் ஒப்புக்கொள்ளவில்லை. "ஊர் கேக்க பேசினத ஊர் கேக்கத்தான் திருப்பி வாங்கணும். அந்த காபி கத, கைத்தட்டலுக்கு சொன்னது. அத அதே மைக்குல வாபஸ் வாங்கிக்கிறேன். கார்டு விஷயத்த மட்டும் வாங்க மாட்டேன். அது நிஜம்."

எனக்குப் பகீரென்றது. சங்கத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. மேலாளருக்காக ஒரு வார்த்தை பேசினாலும் ஆள் விலைபோய்விட்டான் என்பார்கள். அவர் பதவி போய்விட்டால் கார்டைப் பற்றிக் கேட்கவே நாதியிருக்காது. பிரஸ் அப்படியே ஓடும், இன்னொருவன் விரல் போகும். இதை அவர் காதில் சொன்னேன். "தெரியும்பா. நானும் பயந்துக்கினுதான் கீறேன்" என்றார். திறப்பு நின்றது. கலவையைக் கொட்டிவிட்டு வீடு திரும்பினோம்.

மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவர் மைக்கைப் பிடித்தார். "ஏழுமலைய ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போனதே ரங்கநாதன்தான். தெரிஞ்சேதான் மாத்தி சொன்னேன். நீங்க கை தட்டினீங்க, நல்லா இருந்துச்சு. தப்பு."

ஒரே கூச்சல். "எங்கள வித்துட்டியா?" என்று கத்தினார்கள். அப்போது கட்டுப்போட்ட கையோடு ஏழுமலை முன்னால் வந்தார். "அண்ணன் சொல்றது நிஜம். அவரு வண்டியிலதான் போனேன்" என்றார். கூச்சல் அடங்கியது. தேவசகாயம் மைக்கை விடவில்லை. "பொய்ய எடுத்துட்டேன். மிச்சம் கீறது முழுக்க நிஜம். கார்டக் கழட்டச் சொன்னாரா இல்லியான்னு மேனேஜரே வந்து சொல்லட்டும்."

ஆபீஸ் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரங்கநாதன் இறங்கி வந்தார். கேட் மீட்டிங்குக்கு ஒரு மேலாளர் வந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "நான்தான் கழட்டச் சொன்னேன். இன்னிக்கே மாட்டிடுவோம். கார்டு இல்லாம இனிமே எந்த பிரஸ்ஸும் ஓடாது" என்றார். அன்றைக்கு எழுந்த கைத்தட்டல் இருக்கிறதே, அதை யாரும் ஏமாற்றி வாங்கவில்லை. கார்டை மாட்டியது நான். என் சர்வீஸிலேயே நான் பெருமையாகச் செய்த வேலை அதுதான். சங்கத் தேர்தலிலும் தேவசகாயமே அமோகமாக ஜெயித்தார்.

அதற்கடுத்த ஞாயிறு மண்டப வாசலில் நான் கேட்டு முடிப்பதற்குள் இருவரும், "நேரா நிக்குது" என்றார்கள். இருவர் கல்லும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்தது. அவசரமாக அழுத்தியதில் ரங்கநாதனின் கல் கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது. "மெதுவா அழுத்துங்க சகோதரரே, புரொடக்‌ஷன் போனா போவுது" என்றார் தேவசகாயம். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் ரங்கநாதன். கதவைத் திறந்தோம்.

ஒரு சகோதரரை அடக்கம் செய்யும்போது, வாயில்காப்பாளன் அவருக்காகக் கடைசியாக ஒருமுறை அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அவரோடு மனத்தாங்கல் உள்ளவர் அங்கேயே சொல்லிவிடலாம். பென்னலூர் கல்லறைத் தோட்டத்தில், ஏப்ரன் விரித்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். ரங்கநாதன்தான் முதலில், "நேரா நிக்குது" என்றார். அடுத்து, சபையில் உறுப்பினரே இல்லாத ஏழுமலை அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு சொன்னார். பிறகு ஷிஃப்ட் விட்டு யூனிஃபார்மோடு வந்திருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். பேசுமுன், இது நிஜமா, கைத்தட்டலுக்கா என்று கேட்டுக்கொள்வது. இதை எழுதும்போதும் கேட்டுக்கொண்டேன். அவரை மகான் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது முழுக்க நிஜம்.